ரேணுகாக்காவுக்கு ஒரு தீவு

ரேணுகாக்கா சினிமா பார்த்து அழுகிற ரகம் இல்லை. கதாநாயகி சாகும்போதுகூட, “சாவறதுக்கு இவ்ளோ நேரமா?” என்று கேட்கிற ரகம். அப்படிப்பட்டவள் போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்து முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி நான், பக்கத்தில்தான் இருந்தேன். எங்கள் வீட்டு டிவி பழுதாகி எட்டு மாதம் ஆகிறது. அந்தப் பேச்சை எடுத்தால் எனக்குக் கோபம் வரும், வேண்டாம்.

வெளிநாட்டுப் படம், தமிழில் பேச வைத்திருந்தார்கள். ஒரு மீன்பிடிக் கப்பல் கவிழ்ந்துவிடுகிறது. அதில் சமையல்காரனாக இருந்தவன் மட்டும் பிழைத்து, ஆளே இல்லாத ஒரு தீவில் கரை ஒதுங்குகிறான். ஏழு வருஷம் அங்கேயே கிடக்கிறான். நண்டைச் சுட்டுத் தின்கிறான், கொட்டாங்குச்சியில் மழைத்தண்ணீர் பிடித்துக் குடிக்கிறான், மரத்தடியில் படுத்து வானத்தைப் பார்க்கிறான். அக்காவின் மருமகள் அபிநயா ஏழு மாதக் கர்ப்பிணி. “பாவம் அத்தை, பேச்சுத் துணைக்குக்கூட ஆளு இல்ல” என்று தேம்பினாள். நானும் அக்கா அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

கடைசியில் ஒரு கப்பல் வருகிறது. அவன் கரையில் ஓடி ஓடிக் கையை ஆட்டுகிறான். உடனே அக்கா எழுந்து நின்று டிவியைப் பார்த்துக் கத்தினாள்.

“போவாதடா பாவி! அந்தக் கப்பல்ல நாப்பது பேரு இருப்பான். ஏறினதும் உன் கையில கரண்டியைத்தான் குடுப்பான்!”

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “ஏழு வருஷம். ஒருத்தன் அவனைக் கூப்பிட்டானா? அது எங்க, இது எங்கன்னு கேட்டானா? எனக்கு ஏழு வருஷம் வேணாம். ஒரே ஒரு நாள் குடுங்க போதும்” என்றாள்.

ரேணுகாம்பாளுக்கு நாற்பத்தொன்பது வயது. முசரவாக்கத்தில் ஆறு பிள்ளைகளில் நடுவில் பிறந்தவள், படுக்கும்போதும் நடுவில்தான். பத்தொன்பது வயதில் ஓரிக்கைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது இந்த வீட்டில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டிருந்தது, மீதியில் ஒன்பது பேர் இருந்தார்கள். பிரசவத்துக்குப் போன இடத்தில் இரண்டு பேருக்கு ஒரு கட்டில். அவள் வீட்டுக்காரர் மாணிக்கவேல் மாமா நெய்வது கோர்வைப் புடவை; உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதை ஒரு ஆள் நெய்ய முடியாது. நடுவில் மாமா ஊடுநூல் கோத்த நாடாவைத் தள்ளினால், கரைப் பக்கம் உட்கார்ந்து இன்னொரு நாடாவை அக்கா தள்ளியாக வேண்டும். முப்பது வருஷமாக இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல மனுஷன்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் தும்மினால்கூட அவள் காதில்தான் தும்முவார்.

அவள் தறியை விட்டு எழுந்தால் அடுப்பு. அடுப்பை விட்டு எழுந்தால் மகன் கலைவாணனின் சட்டை, மருமகளின் மாத்திரை, யாருடைய செருப்போ, எதனுடைய மூடியோ. சித்திரையில் இன்னும் ஒரு குட்டி ஆள் வந்து சேரப்போகிறது. “அது வந்துட்டா அப்புறம் பத்து வருஷத்துக்கு நான் மூச்சு விட முடியாது துர்கா. அதுக்குள்ள ஒரு நாள் எனக்குத் தனியா வேணும்” என்று என்னிடம் சொன்னாள். நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டே தலையாட்டினேன். சத்தியமாக அப்போது விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

அக்கா மாசி அமாவாசையைத் தேர்ந்தெடுத்தாள். அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. காலையிலேயே சமைத்து இறக்கி, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, ஒரு பாய், ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு டப்பா புளிச்சோறு எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். அவர்கள் வீட்டு மாடிக்குப் படி கிடையாது; மூங்கில் ஏணிதான்.

“மாடியில இன்னா வேலை?” என்று மாமா கேட்டார்.

“ஒரு வேலையும் இல்ல. அதுக்குத்தான் போறேன்.”

“எப்போ வருவே?”

“விளக்கு வைக்கிற நேரத்துக்கு. அதுவரைக்கும் யாரும் என்னைக் கூப்பிடாதீங்க. கூப்பிட்டாலும் நான் பேசமாட்டேன். நான் தீவுல இருக்கறேன்.”

ஏறியதும் ஏணியை மேலே இழுத்துக்கொண்டாள். மாமா கீழே நின்று வாயைப் பிளந்து பார்த்தார். அவள் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டுப் போயிருந்த விஷயம் அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது.

முதல் இரண்டு மணி நேரம் அது உண்மையான தீவாகவே இருந்தது. எங்கள் வீட்டு மாடியும் அவர்கள் மாடியும் ஒட்டியிருக்கும், நடுவில் இடுப்பளவு சுவர் மட்டும். நான் துணி காயப்போடப் போனபோது எட்டிப் பார்த்தேன். பந்தலுக்கு வாங்கிய பழைய தார்ப்பாயைத் தண்ணீர்த் தொட்டியில் கட்டி நிழல் பண்ணிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தாள். கால்மேல் கால். கீழே மாமா, “ரேணு, தீப்பெட்டி எங்க?” என்றார். பதில் இல்லை. “உப்பு எதுல இருக்குது?” பதில் இல்லை. அக்காவின் கால் கட்டைவிரல் மட்டும் சந்தோஷமாக ஆடியது. அந்தக் கட்டைவிரலைப் பார்த்து எனக்கு அவ்வளவு பொறாமையாக இருந்தது.

அதைக் கெடுத்தது நான்தான். மறைத்து என்ன பயன்?

கோடி வீட்டுக் காமாட்சியம்மாள் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வந்தாள். “இன்னாம்மா துர்கா, எங்க மாடியிலேர்ந்து பார்த்தேன், ரேணுகா அவங்க மாடியில படுத்துக்கினு இருக்குது. தெருவுல நின்னு இவ்ளோ கூப்பிடறேன், பதிலே பேசமாட்டேங்குது. சண்டையா?” என்றாள்.

சண்டை என்று ஊர் பேசினால் மாமாவுக்கு அவமானம். தீவு என்று சொன்னால் அக்காவைப் பைத்தியம் என்பார்கள். நான் யோசித்து யோசித்து, “சண்டையெல்லாம் இல்லம்மா. இன்னைக்கு முழுக்கப் பேசமாட்டா, அவ்ளோதான்” என்றேன்.

காமாட்சியம்மாளின் கண் விரிந்தது. “அமாவாசையும் அதுவுமா... மௌன விரதமா?”

“அப்படித்தான் வெச்சுக்கோயேன்” என்றேன். என் வாயில் அப்போது குண்டூசி இருந்தது. அதைச் சாக்காக வைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

எங்கள் ஓரிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்குள்ள ஒரு துறவியின் மணிமண்டபத்துக்கு வந்து விரதம் இருந்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். ஒருவர் வாயைத் திறக்காமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் அது விரதம் என்றே முடிவு கட்டிவிடுவோம். பல்வலியாக இருக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றாது. கால் மணி நேரத்தில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுக் காமாட்சியம்மாள் தட்டில் வாழைப்பழம், வெற்றிலை, மஞ்சள் கிழங்கோடு திரும்பி வந்து, எங்கள் வீட்டுப் படியேறி, சுவரைத் தாண்டி, அக்காவின் காலில் விழுந்துவிட்டாள்.

அக்கா துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். காமாட்சியம்மாளின் முதுகுக்கு மேலே என்னைப் பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வையில் புளிச்சோறே தீய்ந்துபோயிருக்கும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தெருவுக்கே விளக்கம் சொல்லவேண்டும். ‘போ, போ’ என்று கையைக் காட்டினாள். “ஆசீர்வாதம் பண்ணிட்டா!” என்றாள் காமாட்சியம்மாள். முட்டி வலிக்கிறது, ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று தொட்டி ஓரமாகச் சாய்ந்தாள். சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அடுத்து எஸ்தர் வந்தாள். புடவைக் கடையில் வேலை, காலையிலிருந்து ராத்திரிவரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகிறவள். அன்றைக்கு அவளுக்கு லீவு. “எங்க சர்ச்சுலகூட மௌன தியானம் உண்டுக்கா. நான் சும்மா ஓரமா இருந்துட்டுப் போறேன்” என்றாள். பிறகு தெருவில் இரண்டு வீட்டு மருமகள்கள் சேர்ந்து வந்தார்கள், மாமியார்களிடம் கும்பிட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு. அப்புறம் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். என் வீட்டுப் படிக்கட்டில் செருப்பு வைக்க இடமில்லை.

இரண்டு மணி வாக்கில் அக்காவைப் பார்த்தேன். பாயின் நடுவில், ஐந்து சீப்பு வாழைப்பழத்துக்கு முன்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. முப்பது வருஷத்தில் கேட்ட ஒரே ஒரு நாள். அதையும் நான் வாய் தவறிக் கூட்டமாக்கிவிட்டேன். நான் இவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது.

அக்காவின் பக்கத்தில் போய் அவள் காதில், “மன்னிச்சுக்கோ அக்கா. எல்லாரையும் இப்பவே கிளப்பறேன். திட்டிக் கிளப்பறேன்” என்றேன்.

அக்கா ஒவ்வொருவராகப் பார்த்தாள். நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். காமாட்சியம்மாள் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். எஸ்தர் இரண்டு காலையும் கைப்பிடிச் சுவர்மேல் தூக்கிப் போட்டுப் படுத்திருந்தாள். மருமகள்களில் ஒருத்தி ஒரு காக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி எதையுமே பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பவளிடம் யாரும் பேசவில்லை. இவ்வளவு நேரமாகியும் ஒருத்திகூட அக்காவிடம் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. பிள்ளை வரம் வேண்டும், வீடு வேண்டும், வேலை வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை. கும்பிட வந்ததாகச் சொன்னது எல்லாம் மாடி ஏறுவதற்கு ஒரு சாக்கு என்று எனக்கு அப்போது புரிந்தது.

“கிளப்பட்டுமாக்கா?” என்று மறுபடி கேட்டேன்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வாழைப்பழத்தைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, பாயில் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டுப் படுத்தாள். படுத்த உடனே தூங்கியும்விட்டாள். பகலில் அக்கா தூங்கி நான் பார்த்ததே இல்லை. நானும் படுத்தேன். தைக்க வேண்டிய நான்கு ஜாக்கெட் மெஷின்மேல் கிடந்தது, அது கிடக்கட்டும். அன்றைக்கு அந்த மாடியில் நாங்கள் பதினோரு பேர் தனியாக இருந்தோம்.

வெயில் சாய்ந்த நேரத்தில் கீழே தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அம்மா!”

பதினோரு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தோம். யார் வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மருமகள்களும் ‘அம்மா’ என்று அழைக்க இன்னும் பிள்ளை இல்லாதவர்கள், அவர்களும்தான் எழுந்தார்கள். காமாட்சியம்மாளின் பிள்ளை துபாயில் இருக்கிறான். அவளும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு செருப்பைத் தேடினாள்.

“அம்மா, மேல யாருமா இருக்கீங்க?” என்று மறுபடி கேட்டது அந்தக் குரல்.

ரேணுகாக்கா காலையிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“இங்க யாருமே இல்லப்பா!”

விரதம் கலைந்துவிட்டதே என்று ஒருத்தியும் கேட்கவில்லை. விளக்கு வைக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எல்லோரும் மறுபடி படுத்துக்கொண்டோம்.