புல் மேயும் வாத்து

முப்பத்தெட்டு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். வகுப்பில் எனக்குத்தான் வயது கூட. ஒருநாள் விஞ்ஞான விரிவுரையாளர் ஒப்படை ஒன்று தந்தார்: எங்கள் பக்கத்தில் வாழும் ஒரு பாலூட்டியையும் ஒரு பறவையையும் ஒப்பிட வேண்டும். மற்றவர்கள் ஆடும் கோழியும், அணிலும் காகமும் என்று கொடுத்தார்கள். நான் எழுதியது நெடுந்தீவில் யாரும் வளர்க்காமல் தானாகத் திரியும் குதிரையும், மாரியில் வந்துபோகும் நாமத்தலை வாத்தும்.

"உது ரண்டுக்கும் என்ன ஒற்றுமை?" என்று அவர் கேட்டார்.

"ரண்டும் புல்லு மேயிறதுகள், சேர்."

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். "வாத்து தண்ணிக்குள்ளை புழு பூச்சி தேடும். புல்லு மேய்ஞ்சதை நீர் கண்டனீரோ?"

"ஓம் சேர். வல்லை வெளியிலை, பஸ்ஸுக்குள்ளை இருந்து கண்டனான்."

"அப்ப எங்களுக்கும் காட்டும். ஒரு கிழமை தாறன்."

வீடிருக்கும் உரும்பிராயில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை முகம் சுட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த இரண்டு நாளும் வல்லைக்குப் போனேன். வாத்துகள் கடனீரேரியின் நடுத் தண்ணீரில் தலையை முதுகில் புதைத்துத் தூங்கின. கணவர், "சனிக்கிழமை நெடுந்தீவுக்குப் போவம். குதிரையாவது நிக்கும்" என்றார்.

குறிகட்டுவான் துறையில் படகு ஏறினோம். கடல் எழும்பி அடித்தது. படகின் ஓரத்தில் குனிந்து இரண்டு தரம் சத்தி எடுத்தேன். தீவின் வெளியில் குதிரைகள் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்து புல்லை அடியோடு நறுக்கும் சத்தம் கேட்டது. ஆடு பார்த்துக்கொண்டு நின்ற ஒரு அம்மா சொன்னார்: "விடியத் துவங்கினால் பொழுதுபடுமட்டும் உப்பிடித்தான். மாடெண்டால் படுத்திருந்து அசைபோடும். உதுகளுக்கு அது இல்லை."

வாத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தக் குளத்தடியிலை பாருங்கோ, பிள்ளை. சத்தம் போடாமல் போங்கோ."

கரையில் நின்றன. செம்மண்ணிறத் தலை, நெற்றியில் வெளிர்மஞ்சள் நாமம். கட்டையான அலகால் புல்லைக் கொத்தி இழுத்து, ஒரு அடி வைத்து, மறுபடி கொத்தின. நான் தொலைபேசியை எடுக்கும்போது இரண்டு குதிரைகள் தண்ணீர் குடிக்க வந்தன. குடித்துவிட்டு அதே கரையில், அதே புல்லில் வாயை வைத்தன. வாத்துகள் பறக்கவில்லை. நான் காணொளி எடுத்தேன். படம் ஆடாமல் இருக்கக் கணவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அந்தக் காணொளியை வகுப்புச் சுவரில் போட்டேன். விரிவுரையாளர், "இன்னொருக்கால் போடும்" என்றார். போட்டுவிட்டு நான் விளக்கினேன். இரண்டுமே தின்னும் புல்லில் கொஞ்சச் சத்தைத்தான் எடுக்கின்றன. அதனால் பகலில் பெரும்பங்கு மேயவே போகிறது. கோடை வருமுன்னே வாத்து கடல் தாண்டி வடக்கே பறந்துவிடும். குதிரை எங்கும் போக முடியாது. காய்ந்த புல்லைத் தேடித் தின்று, அந்தத் தீவிலேயே மழைக்குக் காத்திருக்கும்.

அவர் வகுப்பின் பக்கம் திரும்பினார். "இருவது வருசமாப் படிப்பிக்கிறன். எனக்கு உது தெரியாது. எல்லாரும் கை தட்டுங்கோ."

தட்டினார்கள். அடுத்த ஆண்டு வருபவர்களுக்குக் காட்ட ஒரு பிரதி வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினார்.

விறாந்தைக்கு வந்து கணவருக்கு அழைத்தேன்.

"சேர் என்ன சொன்னவர்?"

"எனக்குக் கை தட்டச் சொன்னவர்."

பக்கத்து வகுப்புக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு என் குரல் உயர்ந்திருந்தது. நான் அதைக் குறைக்கவில்லை.