ஒரு வரி போதும் என்ற கடை

டெய்லர் அக்காவின் கடைக்கு வாசலும் இல்லை, போர்டும் இல்லை. இரண்டாம் மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான். முன்னறையில் மூன்று தையல் மெஷின், அக்காவுக்கு ஒன்று, தையல்காரப் பெண்கள் இரண்டு பேருக்கு ஆளுக்கொன்று. பின்னறையில் துணி அலமாரி, அக்காவின் தம்பி உட்காரும் கம்ப்யூட்டர், நான் பார்சல் கட்டும் மேசை. வாங்குகிறவர்கள் யாரும் படியேறி வருவதில்லை, வியாபாரமெல்லாம் இணையத்தில்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் உடுப்பு விற்கிற கடை அது.

இருக்கிறதிலேயே சின்ன சட்டையை என் உள்ளங்கையில் விரித்தால் விரல் நுனிகள்தான் வெளியே தெரியும். ஒரு கிலோகூட இல்லாத குழந்தைக்கு அது. கையைத் தூக்கி நுழைக்க வேண்டாம். விரித்துப் போட்டு, குழந்தையை மேலே கிடத்தி, நாடாவைக் கட்டிவிடலாம். மருந்து ஏற்றும் ட்யூப் போக ஓரத்தில் ஒரு திறப்பு உண்டு. தையலெல்லாம் வெளிப்பக்கம். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, உள்ள வெளிய மாத்தித் தெச்சுட்டீங்க?" என்று அதிமேதாவியாகக் கேட்டேன்.

அக்கா சிரித்தாள். "அந்தத் தோலு வெங்காயச் சருகு மாதிரி இருக்கும்டி. தையல் பட்டாலே செவந்துடும்."

இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று வேறொரு நாள் கேட்டேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னாள். இந்தக் கடைக்கு முன்னால் அவள் பள்ளிக்கூட யூனிஃபாரம் தைத்துக்கொண்டிருந்தாள். ஏழாம் மாதத்தில் மகள் பிறந்தாள். அந்த அளவுக்கு ஆஸ்பத்திரியில் உடுப்பே இல்லை. பஞ்சிலும் கட்டுத்துணியிலும் சுற்றி வைத்திருந்தார்கள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தைக்கிறேன், என் பிள்ளைக்கு ஒரு சட்டை இல்லையா என்று அவளுக்கு ஆத்திரம். வீட்டுக்கு வந்து மெத்தென்ற பழைய துணியைத் தேடி எடுத்து, அளவு பிடிபடாமல் இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள். குழந்தை இருந்தது பதினோரு நாள்.

"தெச்சு முடிச்சேன். போட ஆள் இல்ல," என்றாள். அதற்குப் பிறகு நானாக எதுவும் கேட்டதில்லை.

குழந்தை போன பிறகும் அவள் கை நிற்கவில்லை. தைத்ததையெல்லாம் மகள் இருந்த வார்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். நர்ஸ்கள் இன்னும் கேட்டார்கள். தம்பி இணையத்தில் கடைக்கு ஒரு பக்கம் திறந்து கொடுத்தான். அதில் ஒரு வாக்குறுதி போட்டே ஆக வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள்: "குழந்தை தங்கவில்லை என்றால் உடுப்பைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஒரு வரி எழுதினால் போதும். பணம் வந்துவிடும். காரணம் கேட்க மாட்டோம்."

முதல் வருடம் பதினாலு பேர் எழுதினார்கள். ஒரு வரி என்றால் யார் கேட்டார்கள்? பக்கம் பக்கமாக வரும். கண் அப்பா ஜாடை என்று ஒருத்தி எழுதுவாள். விரலைப் பிடித்தால் விடாது என்று இன்னொருத்தி. வீட்டில் யாரிடமும் பேச முடியவில்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன் என்பார்கள். அக்கா ஒவ்வொன்றையும் படித்து, இரண்டே விரலால் தட்டித் தட்டிப் பதில் எழுதுவாள். அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுக்க மாட்டாள்.

மூன்றாம் வருடம் ஒரே மாதத்தில் முப்பத்தொரு கடிதம் வந்தது.

எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அக்காவுக்கு வந்தது, அவள் மேலேயே. துணியில் ஏதாவது கோளாறா, சாயம் ஒத்துக்கொள்ளவில்லையா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அலமாரியிலிருந்த துணி அத்தனையையும் இறக்கி வெந்நீரில் அலசிப் போட்டாள். நூலை மாற்றினாள். சாப்பாடு பேருக்குத்தான். "என் சட்டை போட்ட புள்ளைங்களுக்கு என்னடி ஆகுது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

தம்பிதான் உட்கார்ந்து தோண்டினான். முப்பத்தொன்றில் பாதிக்கு மேல் மூன்றே முகவரி. பேர் வேறு, போன் எண் வேறு, வீடு ஒன்று. கடிதங்களில் ஒரே எழுத்துப் பிழை ஒரே இடத்தில். அடுத்த நாள் அவன் வேறொரு விற்பனைப் பக்கத்தைத் திறந்து, "அக்கா, இதப் பாரு," என்றான்.

பொம்மைகள். நீலக்கண் பொம்மை ஒன்று எங்கள் கோடுபோட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பொம்மைகளுக்கான கைத்தையல் உடுப்பு என்று விலை போட்டிருந்தார்கள். இவ்வளவு சின்னதாக எங்கே கிடைக்கிறது என்று யாரோ கேட்டதற்குக் கீழேயே பதில்: "அந்தக் கடையில வாங்கு. புள்ள செத்துடுச்சுன்னு ஒரு வரி எழுது. காசும் திரும்ப வரும், துணியும் உனக்குத்தான்." பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம்.

அக்கா திட்டவில்லை, அழவில்லை. தம்பியிடம் கேட்டாள்: "இந்த மாசம் முப்பத்தொரு புள்ளைங்களுக்கு அழுதேனேடா. அதுல எத்தனை நெஜம்?"

"ஆறு இருக்கும்கா. ஏழுன்னு வெச்சுக்கயேன்."

"எந்த ஏழு?"

"தெரியலக்கா."

தம்பி ஒரு வழி சொன்னான். ஒரே முகவரிக்கு இரண்டாவது ஆர்டர் போனால் கம்ப்யூட்டரே குறி போட்டுக் காட்டும்படி செய்யலாம், குறி விழுந்தவர்கள் பணம் கேட்டால் மட்டும் ஆஸ்பத்திரிச் சான்று கேட்கலாம். அக்கா காதில் வாங்கவில்லை. "செத்த புள்ளைக்குச் சீட்டு கேக்கச் சொல்றியா?" என்று கத்தினாள். தையல்காரப் பெண்கள் இரண்டு பேருக்கும் சம்பளம் தள்ளிப்போனபோது வேறு வழியில்லாமல் சரி என்றாள். அனுப்ப வேண்டிய வாசகத்தை மட்டும் தானே எழுதுகிறேன் என்றாள். மத்தியானம் முழுக்க எழுதினாள், அழித்தாள். கடைசியில் மிஞ்சியது இதுதான்: "வருந்துகிறோம். பணம் திருப்பித் தர ஆஸ்பத்திரிச் சான்று தேவை. படத்தை இணைக்கவும்." அன்றிலிருந்து கம்ப்யூட்டரே அதை அனுப்பிக்கொண்டிருந்தது.

மருந்தடித்த மாதிரி பொய்க் கடிதங்கள் நின்றன. ஒரே ஒருத்தி மட்டும், "புள்ளையைப் பறிகொடுத்தவகிட்ட சர்டிபிகேட் கேக்குற நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று பொரிந்து தள்ளியிருந்தாள். முகவரி பார்த்தால் பொம்மைக்காரியின் வீடு. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். அன்றைக்குத் தம்பி வெளியே போயிருந்தான். கடிதங்களை நான்தான் திறந்தேன். ஒரு தகப்பன் நான்கு நாளைக்கு முன் எழுதியிருந்தார், "பாப்பா போயிட்டா," என்று மட்டும். முதலில் வாங்கிய அளவு பெரிதாக இருந்ததால் சின்னதாக மறுபடி வாங்கியிருக்கிறார். அதனால் இரண்டு ஆர்டர், ஒரே முகவரி. கம்ப்யூட்டர் சிவப்புக் குறி போட்டு, அக்காவின் வாசகத்தை அனுப்பியிருக்கிறது. அதற்குப் பதில் இப்போது வந்திருந்தது. யோசிக்காமல் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"நீங்கள் கேட்ட சான்றை இணைத்திருக்கிறேன். இதை வாங்க இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்தோம். நீங்கள் கேட்டதால் இன்று போய் வரிசையில் நின்று வாங்கினேன். பணம் வேண்டாம். ஒரு வரி எழுதினால் போதும் என்று உங்கள் பக்கத்தில் இருந்தது. எங்களுக்கு அப்படி ஒரு பெண் இருந்தாள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அதனால்தான் எழுதினோம்."

மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. அக்கா எழுந்து வந்து, சான்றின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "எடைன்னு போட்டிருக்கு பாரு. எழுநூத்துப் பத்து கிராம்," என்றாள். பார்சல் விவரத்திலிருந்து எண்ணை எடுத்துப் போன் போட்டாள். எடுத்தது அவர் மனைவி.

"உடுப்பு தெச்ச கடையிலேருந்து பேசறேம்மா," என்றாள் அக்கா.

அந்தப் பெண் முந்திக்கொண்டு கேட்டாள். "அந்த மஞ்சள் சட்டை நீங்க தெச்சதா? அதப் போட்டுத்தாங்க அனுப்பி வெச்சோம். அளவு சரியா இருந்துச்சு."

"அம்மா, அந்தச் சான்று... நாங்க கேட்டிருக்கக் கூடாதும்மா."

"பரவாயில்லங்க. அவர்தான் வரிசையில நின்னு அழுதுட்டு வந்தாரு. வீட்டுல என் முன்னாடி அழ மாட்டேங்குறாரு. அங்கயாவது அழுதாரே."

அக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் குழந்தையின் கண், காது, முடி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும்.

மறுநாள் தம்பியிடம், "அந்த வாக்குறுதிய எடுத்துடு. சான்று கேக்குறதையும் எடுத்துடு," என்றாள்.

"இப்பத்தானேக்கா ஏமாத்துறது நின்னுருக்கு?"

"நின்னுச்சு. நெசமா பறிகொடுத்தவனை வரிசையில நிக்க வெச்சுத்தானே நின்னுச்சு? எனக்கு வேண்டாம்டா."

இப்போது சின்ன அளவு எங்கள் பக்கத்தில் விற்பனைக்கே கிடையாது. தைத்து ஆறு ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு நேராக அனுப்பிவிடுகிறோம். நர்ஸ்கள் கையால் சும்மா கொடுக்கிறார்கள். பெரிய அளவுகள் மட்டும் விற்கிறோம். பாக்கெட்டைப் பிரிக்காமல் அனுப்பினால் பணம் திரும்ப உண்டு, எல்லாக் கடையும் மாதிரி. பொம்மைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தையல்காரப் பெண்களுக்குச் சம்பளம் தேதி தவறுவதில்லை. தம்பிக்கு நிம்மதி.

கடிதம் மட்டும் வருவதில்லை. எழுதச் சொல்லி எங்கேயும் போடவில்லையே, யார் எழுதுவார்கள்? காலையில் நான் கம்ப்யூட்டரைத் திறந்தால், வேறு நிறம் இருக்கிறதா, பார்சல் எங்கே வருகிறது என்றுதான் இருக்கும். "வேற ஒண்ணும் இல்லையாடி?" என்று அக்கா மெஷினிலிருந்தே கேட்பாள். இல்லை என்பேன்.

மஞ்சள் சட்டைக்காரப் பெண்ணோடு அக்கா இன்னும் ஒரு தடவை பேசினாள். அதற்கடுத்த தடவை, அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. எனக்கு மனசு கேட்காமல், "தம்பிகிட்டச் சொல்லி வேற நம்பர் தேடச் சொல்லட்டுமாக்கா?" என்றேன்.

"வேணாம். விடு," என்றாள் அக்கா. "பாப்பா எப்படி இருக்கு, பாப்பா எப்படி இருக்குன்னு விஷயம் தெரியாதவங்க கேட்டுக்கிட்டே இருப்பாங்கடி. நானும் அப்ப நம்பரை மாத்தினவதான்."