பிரிஜ்ஜின் பின்பக்கம்

போன வெள்ளிக்கிழமை என் மூத்த சகோதரர் காக்காவின் வீட்டிலிருந்து திரும்பினேன். வாசல் கடப்படியில் எதற்கோ திரும்பிப் பார்த்தால், அவர் மனைவி (எனக்கு அவர் மதினி, அவருக்கு நான் மதினி) முற்றத்தில் குந்தியிருந்து என் காலடி மண்ணைக் கடதாசியில் அள்ளிக்கொண்டிருக்கிறார்.

எதற்கென்று உங்களுக்குத் தெரியாதா? செத்தல் மிளகாயோடு நெருப்பில் போட. கண்ணூறு கழிக்க. கண் யாருடையது... என்னுடையது.

காரணம், காக்கா கொழும்பிலிருந்து இறக்கிய பிரிஜ். எங்கள் தெருவுக்கே முதலாவது. கரண்டிலும் ஓடுமாம், கரண்ட் வரும்வரை அடியில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும், மேலே தண்ணீர் கட்டியாகும். மூன்று நாளாக ஆகவில்லை. பாலும் திரைந்துவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமைதான். எல்லோருக்கும் ஐஸ் தண்ணீர் கொடுக்கும் மதினி, என் கையில் கிளாஸை வைக்கும்போது மட்டும், "மெதுவாக் குடிங்க மதினி, உங்களுக்குப் பழக்கமில்லையே" என்பார். எப்படித் தொண்டையில் இறங்கும்?

ஆனால் பொறாமைக்குப் பிரிஜ் நிற்குமா?

பேசாமல் வந்திருப்பேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. ஆனால் அந்த மண் எரிந்தால், நாளைக்கு இந்தத் தெருவில் எவள் தன் பிள்ளையை என் மடியில் தருவாள்?

திரும்பிப் போனேன்.

"மண்ணைக் கொட்டுங்க மதினி. பிரிஜ் பெட்டிய நான் ஒருக்காப் பார்க்கிறன்."

"நீங்க பார்த்துத்தானே இப்பிடிக் கிடக்கு."

ஜும்ஆ முடிந்து வந்த காக்கா வாசலிலேயே நின்றார். "பார்க்கட்டுமே. இனிக் கெடுறதுக்கு என்ன இரிக்கி?"

திரியில் கருகல் இல்லை. சுடர் நீலமாகவே நின்றது. பெட்டி சரிந்திருக்கிறதோ என்று மேலே தட்டத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். நேர்தான். பிறகு பின்பக்கம் கையை விட்டேன். ரொட்டிச் சட்டி மாதிரிச் சுட்டது. குழாய்களையெல்லாம் மூடி, காக்கா இடுப்பில் கட்டும் தடித்த மருதமுனைச் சாரன் ஒன்று. பெட்டியோ சுவரோடு ஒட்டிக் கிடந்தது. புகைக்கூட்டை அடைத்துவிட்டு அடுப்பு எரித்தால் எப்படியிருக்கும்? அதே கதை. சூடு போக வழியில்லை.

"இத ஆரு போட்ட?"

"நான்தான்..." மதினி நிலத்தைப் பார்த்தார். "கண் படாம இரிக்கட்டும் எண்டு."

"ஆருட கண்?"

காக்கா இருமினார்.

சாரனை உருவி, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்துவைத்தோம். மறுநாள் காலை மதினியே கோப்பையோடு வந்தார். "கட்டியாகிட்டு மதினி. மண்ண அப்பவே கொட்டிட்டன்." இடுப்பிலிருந்த பேத்தியை என் மடியில் இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பெட்டி வந்த அன்று சந்தோஷப்பட்டவர்கள் எல்லோரும் கதவைத் திறந்து திறந்து உள்ளே பார்த்தார்கள். சுற்றிச் சுற்றி வந்து, பின்பக்கக் குழாய் வரைக்கும், சுவருக்கு எவ்வளவு தள்ளி வைத்தார்கள் என்பது வரைக்கும் பார்த்து வைத்தவள் நான் ஒருத்திதான். பொறாமைக்காரியைப்போல் கவனமாகப் பார்க்க யாரால் முடியும்?

அந்த ஐஸ் நன்றாகத்தான் இருந்தது... அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.