கைப்பிரேக் இழுத்திருந்தது

பாலிக் பூலாவ் மலைத்தோட்டத்து ஜீப்பை ஓட்டிய அய்யாக்கண்ணு செத்தபோது கைப்பிரேக் முழுதாக இழுத்திருந்தது. பேய்தான் கொன்றது என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

மேட்டில் ஏறும்போது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் வண்டி இழுவை இழந்து நின்றது. பிரேக்கை இழுத்துவிட்டு அடியில் பார்க்க இறங்கினார். ஜீப் பின்னால் உருண்டு அவரை நசுக்கி ஓடையில் விழுந்தது. பிரேக் போட்ட வண்டியை யார் தள்ளியது? "ஹந்துதான், பேய்தான்" என்றார் தோட்ட முதலாளி. அந்த வளைவில் இருந்த கல்லில் கோழி அறுத்தார். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். கழன்று கிடந்த ஷாஃப்டை, எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் அந்த இரும்புத் தண்டை, விழுந்ததில் கழன்றது என்று சொல்லி, திரும்ப மாட்டவைத்தார்.

அடுத்த டிரைவர் பாகான் டாலாமிலிருந்து வந்த திருநாவுக்கரசு. பெர்ரிக் கப்பலில்கூட வலது காலை எடுத்துவைத்து ஏறுகிற ஆள். முதல் நாளே இருக்கைக்கு அடியில் யாரோ தட்டினார்கள். பள்ளம் வரும்போதெல்லாம் தட்டினார்கள். பின்னால் ஜாதிக்காய் பறிக்கும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அய்யாக்கண்ணு அண்ணே, பொம்பளைங்க இருக்காங்க. சும்மா இருங்கண்ணே" என்று கெஞ்சினார். தட்டல் நிற்கவில்லை.

செத்தவர் ரத்தம் பட்ட இரும்பு அந்த ஷாஃப்ட்தான், அதை மாற்றினால் அண்ணன் போய்விடுவார் என்று நினைத்தார். ஜீப்போடு பெர்ரி ஏறி, சிம்பாங் அம்பாட்டில் பழைய வண்டி உடைத்து விற்கும் சந்திரசேகரனிடம் போனார்.

"அதே நீளத்துல வேற ஷாஃப்ட் ஒன்னு குடுங்கண்ணே."

சந்திரசேகரன் ஜீப்புக்கு அடியில் புகுந்தார். "ஸ்பிரிங் மாத்தி ஒசத்திருக்கே. ஷாஃப்ட் மட்டும் பழசா?"

"கல்லு தட்டாம இருக்க மொதலாளி ஒசத்துனாரு."

"ஒசத்துனா ஷாஃப்டும் நீளமா வேணும்லா. இது ஒன்னுக்குள்ள ஒன்னு நுழையுற ரெண்டு துண்டு. இப்ப நுனியிலதான் மாட்டிக்கிட்டிருக்கு. தட்டுறது அதுதான். சக்கரம் பள்ளத்துல தொங்குனா கழண்டுடும்."

சக்கரத்தைத் தொங்கவிட்டு ஒருமுறை, தரையில் நிறுத்தி ஒருமுறை அளந்தார். தொங்கும்போது கழலக்கூடாது, அமுங்கும்போது முட்டக்கூடாது. நீளம் அதிகமான ஒன்றை ஒதுக்கினார். சாய்வு கூடிப்போனதால், இரட்டை மூட்டு உள்ளதாக ஒன்றைப் பொறுக்கினார்.

"ஆனா அண்ணன் பிரேக் போட்டிருந்தாரே?"

"இந்த ஜீப்புல கைப்பிரேக் சக்கரத்தப் பிடிக்காது தம்பி. கியர் பெட்டிக்குப் பின்னால, ஷாஃப்ட் மாட்டுற தலையத்தான் பிடிக்கும். ஷாஃப்ட் கழண்டா அது எதப் பிடிக்கும், காத்தையா?"

திருநாவுக்கரசு ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

பேய் என்றால் விசாரணை இல்லை. கோழி வாங்கத் தெரிந்த முதலாளிக்கு ஷாஃப்ட் வாங்கத் தோன்றவில்லை. ஊரும் அவரோடு சேர்ந்து கற்பூரம் காட்டியது.

புது ஷாஃப்ட் மாட்டியதும் தட்டல் நின்றது. டத்தோ கிராமாட்டில் குடியிருந்த அய்யாக்கண்ணுவின் மனைவி நவமணியிடம் போய்ச் சொன்னார்.

"மலையில உத்தரவு கேக்காம ஒன்னுக்கு இருந்தாராம், அதான் சாமி அடிச்சிருச்சுன்னாங்க" என்றார் நவமணி. "அப்ப இவரு தப்பு பண்ணலியா?"

"இல்லக்கா. பிரேக் போட்டுட்டுத்தான் இறங்குனாரு."

"அப்ப தப்பு பண்ணது யாரு?"

அந்த முதலாளியிடம்தான் திருநாவுக்கரசு சம்பளம் வாங்கினார். மறுநாள் பழைய ஷாஃப்டை எடுத்துப்போய், கோழி அறுத்த கல்லின்மேல், முதலாளி கண்ணில் படும்படி வைத்தார். வாயால் சொல்ல முடியாததை இரும்பு சொல்லட்டும் என்று.

அடுத்த வாரம் அதற்குக் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். முதலாளி காரை நிறுத்தி இறங்கி, அதைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.