சாமை மேல் பூட்ஸ் கால்

ரேணுகாதேவி ஐந்தாவது முறையாக வேலை நேர்காணலுக்குக் கிளம்பினாள். முதல் தடவை போனபோது தெருவே வாசலில் நின்று வழியனுப்பியது. இரண்டாம் தடவை பக்கத்து வீட்டார் மட்டும். இந்தத் தடவை தெரு நாய்கூட தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"போய்ட்டு வர்றேன் மாமா" என்றாள் புருஷனிடம்.

மணிவேல் சுவரில் சாய்ந்து, அசையாத கால்கள் இரண்டையும் நீட்டி உட்கார்ந்திருந்தான். விடிந்தும் விடியாததுமாகப் புளியைத் தட்டிக் கொட்டை எடுக்க ஆரம்பித்திருந்தான். "உம்" என்றான். அவ்வளவுதான். அதற்கு மேல் இருவரிடமும் பேச்சு மிச்சமில்லை.

ஜவ்வாது மலையில் அவர்கள் ஊரிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். காலை பஸ்ஸை விட்டால் கீழே போளூர் போக மதியம் ஆகிவிடும். நேர்காணல் வைக்கிறவர்கள் யாரும் இதையெல்லாம் நினைத்துப் பார்த்து நேரம் குறிப்பதில்லை. பத்து மணிக்கு வா என்றால் பத்து மணிக்கு வர வேண்டும். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மடியில் சான்றிதழ்ப் பையை அணைத்துக்கொண்டு, தூங்கவும் முடியாமல் விழித்திருக்கவும் முடியாமல் போய்ச் சேர்ந்தாள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பன்னிரண்டாவது வரை விடுதியில் தங்கிப் படித்தவள். படித்த படிப்பு பத்து வருடத்துக்கு மேல் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. புருஷன் விழுந்த பிறகுதான் அதை எடுத்துத் தூசு தட்டினாள். மகள் கீதாஞ்சலி இப்போது அதே விடுதியில் ஆறாவது படிக்கிறாள். வீட்டில் சம்பாதிக்கக்கூடிய ஆள் இனி ரேணுகாதேவி ஒருத்திதான்.

முந்தின நான்கு நேர்காணல்களும் எப்படிப் போயின என்று கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. முதலாவதில், தானியம் புடைத்துப் பழக்கம் உண்டா, எத்தனை வருட அனுபவம் என்று கேட்டார்கள். "அனுபவம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள். ஏழு வயதிலிருந்து சாமை குத்திப் புடைத்தவள் சொன்ன பதில் அது! வீட்டு வேலையை யாராவது அனுபவம் என்று சொல்வார்களா என்று நினைத்துவிட்டாள். இரண்டாவதற்குப் பஸ் வழியில் படுத்துவிட்டது. மூன்றாவதில், இந்த வேலைக்கு ஏன் வர விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, "வேற வழி இல்லீங்க" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். நான்காவதில் அதிகாரி மூன்று தடவை உட்காரச் சொல்லியும் கடைசி வரை நின்றுகொண்டே பதில் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் காவியா வந்து சேர்ந்தாள். மகளிர் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கப் போளூரிலிருந்து மலையேறி வருகிற பெண். இருபத்து நான்கு வயது, வாய் ஓயாது. ரேணுகாதேவியை எதிரே உட்கார வைத்து, "உங்களப் பத்திச் சொல்லுங்கக்கா" என்று தொடங்குவாள். ரேணுகாதேவி அப்பன் பேர், ஊர், வகையறா என்று ஆரம்பித்தால் நிறுத்திவிடுவாள்.

"அக்கா, அவங்க பொண்ணு கேட்டா வர்றாங்க? நீங்க இன்னா வேல செய்வீங்கன்னு சொல்லுங்க. கேள்வி கேட்டா கூரையப் பாக்காதீங்க, மொகத்தப் பாருங்க."

கடைசியாக ஒரு தாளும் கொடுத்தாள். போளூர்ப் பக்கம் புதிதாகத் திறந்த சிறுதானிய ஆலையில் ஆள் எடுக்கிறார்கள். பாதுகாப்பு விதிகளைக் கட்டாயம் கேட்பார்கள் என்றாள். மொத்தம் பன்னிரண்டு விதிகள். ரேணுகாதேவி அடுப்பூதும்போதும், தண்ணீர் சுமக்கும்போதும், ஆட்டை ஓட்டும்போதும் முணுமுணுத்து அத்தனையையும் மனப்பாடம் செய்தாள். ஆடுகளுக்கே பாதி தெரிந்திருக்கும்.

பாதுகாப்பு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருடமாக அது அவள் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. மணிவேல் புளியமரம் உலுக்க ஏறியவன், கிளை முறிந்து முதுகு அடிபட விழுந்தான். அந்த வருடம்தான் புளி வாங்குகிற சங்கத்தார் மரமேறிகளுக்கு இடுப்பு வாரும் கயிறும் ஒரு ஜோடி பூட்ஸும் கொடுத்திருந்தார்கள். மணிவேல் மூன்றையும் வீட்டு உத்தரத்தில் மாட்டிவிட்டு, வெறுங்காலோடும் வெறும் இடுப்போடும் ஏறினான். இன்றைக்கும் அவை அங்கேயே தொங்குகின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் ரேணுகாதேவிக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒரு கயிறக் கட்றதுக்கு ஒனக்கு வலிச்சுதா?" என்று கேட்பாள். காலையில் கேட்பாள், கஞ்சி ஊற்றும்போது கேட்பாள், அவனைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்கும்போது மூச்சிரைக்கக் கேட்பாள். அவன் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. திமிர் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

ஆலையில் அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். அனுபவம் கேட்டார்கள், "இருபத்தஞ்சு வருஷமா சாமை, தெனை ரெண்டும் குத்திப் புடைக்கறேன் சார், கல்லு எது, மணி எதுன்னு கை பட்டாலே தெரியும்" என்றாள். எதிரே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். புருஷோத்தமன் என்று பெயர். ஆலையின் பாதுகாப்புக்குப் பொறுப்பு அவர்தான். செங்கத்துக்காரர். அன்று இருபதாவது ஆளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலும் அசதிதான்.

"பாதுகாப்பு விதி தெரியுமாம்மா?"

ரேணுகாதேவி ஒரே மூச்சில் ஒப்பித்தாள். ஓடும் இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது. கூந்தலை வலைக்குள் முடிய வேண்டும். வளையல் கூடாது. பதினொன்றாவது விதி, ஆலைக்குள் பாதுகாப்புக் காலணியை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. பன்னிரண்டையும் முடித்தபோது அவர் சிரித்தே விட்டார்.

"நல்லாச் சொன்னீங்க. உள்ள போய் ஒரு சின்ன சோதன. அது முடிஞ்சா திங்கக்கெழமையே வேலைக்கு வரலாம்."

திங்கட்கிழமை! அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவளுக்கு உடம்பில் இருந்த அலுப்பெல்லாம் இறங்கியது போலிருந்தது. அவர்கள் கொடுத்த கனத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். இயந்திரங்கள் காதைப் பிளந்துகொண்டு ஓடின. மின்சாரத்தை அவசரமாக நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் எதிர்ச் சுவரில் இருந்தது. போய் அதைத் தொட்டுக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு முன்னால் போன ஆனந்தி என்ற பெண் விடுவிடுவென்று நடந்து போய்த் தொட்டுவிட்டு வந்தாள்.

ரேணுகாதேவி பாதி தூரம் போனதும் நின்றாள். சல்லடை இயந்திரத்தின் அடியில் தரையெங்கும் சாமை சிந்திக் கிடந்தது. பொத்தானுக்குப் போக அதன் மேல்தான் வழி. மலையில் களத்துக்குள் யாரும் செருப்புக் காலோடு வர மாட்டார்கள். தானியம் குவிந்த இடத்தில் கால் கழுவிவிட்டுத்தான் இறங்குவார்கள். அவள் யோசித்தாளா என்றால் இல்லை. குனிந்தாள், பூட்ஸைக் கழற்றினாள், ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். வெறுங்காலோடு நடந்து போய்ப் பொத்தானைத் தொட்டாள். திரும்பி வரும்போது ஒரு கை சாமையை அள்ளிப் பக்கத்துச் சாக்கில் போட்டுவிட்டும் வந்தாள்.

"இன்னாம்மா, பூட்ஸ் எங்க?"

"அதோ வெச்சிருக்கேன் சார்."

"ஏன் கழட்டுனீங்க?"

"கீழ சாமை கெடக்குதே சார்" என்றாள். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும் என்பது போலத்தான் சொன்னாள்.

புருஷோத்தமன் அவள் நடந்து வந்த இடத்தில் குனிந்து, பேனாவால் சாமையைக் கிளறினார். சல்லடையிலிருந்து அறுந்து விழுந்த கம்பித் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். விரல் நீளம், முனை ஊசியாக இருந்தது.

"இது கால்ல ஏறியிருந்தா? பதினொண்ணாவது விதி இன்னா?"

"எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

"நீங்க வாயால சொன்னதுக்கு முழு மார்க் போட்டேம்மா. ஆனா உங்க காலு வேற சொல்லுதே. இங்க ஒருத்தருக்கு அடி பட்டா நாந்தான் அவங்க வூட்டுக்குப் போய்ச் சொல்லணும். கீழ விழுந்தது மாட்டுத் தீவனம், யாரும் தின்னப் போறதில்ல. அடுத்த மாசம் எட்டாந்தேதி மறுபடி ஆள் எடுக்கறோம். அதுக்குள்ள காலுக்குச் சொல்லிக்குடுத்துட்டு வாங்க."

சாயங்கால வெயில் இறங்குமுன் வீடு வந்து சேர்ந்தாள். பையை எறிந்துவிட்டு, மணிவேலுக்கு எதிரே பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"ஆவல."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பூட்ஸோட நடக்கறதுக்கு ஒனக்கு வலிச்சுதா என்று அவன் கேட்கலாம். கேட்டால் அவளால் வாய் திறக்க முடியாது. மூன்று வருடம் அவள் கொடுத்ததை ஒரே நாளில் திருப்பிக் கொடுக்க இப்படி ஒரு வாய்ப்பு அவனுக்கு இனி வராது.

மணிவேல் உத்தரத்தைப் பார்த்தான்.

"எங்கப்பன் கயிறு கட்னதில்ல. சோறு குடுக்கற மரத்துல கயிறு போட்டா அத நம்பலன்னு ஆயிடும்னு சொல்லும். அன்னிக்கி நானும் அந்தக் கயிறக் கையில எடுத்தேன். கட்ட மனசு வரல. திரும்ப மாட்டிட்டேன்."

"இத்தினி நாளா இத ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? திட்டத்தான செஞ்ச."

ரேணுகாதேவிக்கு அழுகை வந்தது. சொன்ன சொல்லையெல்லாம் திரும்ப அள்ளி விழுங்க முடியுமானால் அந்த நிமிடமே விழுங்கியிருப்பாள். திமிர் இல்லை, ஒன்றும் இல்லை. இன்றைக்கு அவளைக் குனிய வைத்தது எதுவோ அதேதான் அன்றைக்கு அவனையும் வெறும் இடுப்போடு மரத்தில் ஏற்றியிருக்கிறது. அவளுக்கு ஒரு நேர்காணல் போயிற்று. அவனுக்குக் கால்கள் இரண்டும் போயின.

"அந்த பூட்ஸ எறக்குமே" என்றான் மணிவேல்.

எதற்கு என்று கேட்காமல் எழுந்து இறக்கினாள். தோல் விறைத்திருந்தது, உள்ளே பூச்சி கூடு கட்டியிருந்தது. தட்டிவிட்டு, பழந்துணியைத் திணித்துக் காலில் மாட்டினாள். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி, கூடையிலிருந்து ஒரு முறம் சாமையை அள்ளி, மெழுகிய தரையில் அகலமாக விசிறினான்.

"நட."

"வேணாம் மாமா. சாப்பிடறது."

"நடமே. கீழ ஊசி கெடக்குதுன்னு நெனச்சுக்க."

ஒரு காலைத் தூக்கினாள். இறக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வைத்தாள். நறநறவென்று மணிகள் நொறுங்கிய சத்தம் பல்லில் கூசியது. அடுத்த காலை வைத்தாள். கண்ணில் நீர் வழிய, சுவர் வரை போய், திரும்பி, மறுபடி போனாள். மணிவேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறாவது சுற்றில் அவள் களைத்து உட்கார்ந்துவிட்டாள். மணிவேல் அவள் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அடியில் பள்ளம் பள்ளமாக இருந்த இடங்களில் சாமை அப்பியிருந்தது. புளி தட்டுகிற கத்தி முனையால் ஒவ்வொரு மணியாகக் கிண்டி எடுத்து முறத்தில் போட ஆரம்பித்தான். நாளைக்கும் அதே சாமையின் மேல்தான் அவள் நடக்க வேண்டும்.