பாண்டிக் கட்டத்தில் ஓடிய இரத்தம்

லேப்டாப் என்ற பொருளை எங்கள் ஊருக்கு முதலில் கொண்டுவந்தது என் சித்தி. மதுரையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள், லேப்டாப் கொடுத்தால் பிள்ளைகள் கூடுதலாகப் படிப்பார்களா என்று பார்ப்பதற்காக, வாடிப்பட்டிப் பக்கம் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். ஏழாம் வகுப்பு ‘ஏ’ பிரிவுக்கு லேப்டாப்; ‘பி’ பிரிவுக்குப் பழையபடி புத்தகம். நான் ‘பி’. சொந்தச் சித்தியே இப்படி ஓரவஞ்சனை செய்வாள் என்று நான் நினைக்கவில்லை.

பெரியப்பா மகள் ‘ஏ’. இதயத்துக்குள் இரத்தம் ஓடுவதைத் திரையில் பார்த்துவிட்டு வந்தவளுக்கு வாய் சும்மா இருக்குமா? சாயங்காலமே தெருவில் பாண்டிக் கட்டம் போட்டுவிட்டாள். நான்கு கட்டம், இதயத்தின் நான்கு அறை. தெருமுனை அடிபம்புதான் நுரையீரல். நீல ரிப்பனோடு வலப்பக்கக் கட்டங்களில் நொண்டியடித்துப் போய், பம்பைத் தொட்டு, சிவப்பு ரிப்பன் மாற்றிக்கொண்டு இடப்பக்கமாகத் திரும்ப வேண்டும். கோட்டை மிதித்தால் ஆள் அவுட். ‘பி’ பிரிவே எங்கள் தெருவில்தான் கிடந்தது.

பரீட்சையில் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே மார்க். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சித்தியின் முகம் மட்டும் வாடிவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டு, “ஏத்தா, லேப்டாப்பக் கண்ணால பாக்காம இம்புட்டையும் எப்படி எழுதுனீங்க?” என்று கேட்டாள். பெருமையாகத் தெருவுக்கு இழுத்துப்போய்க் காட்டினேன். கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள், சட்டென்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நொண்டியடிக்க ஆரம்பித்தாள். ஒரு கோட்டைக்கூட மிதிக்கவில்லை.

அப்புறம் அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டாள். அந்த வருடமே ஆராய்ச்சியை முடித்தால்தான் கல்லூரி வேலை கிடைக்குமாம். லேப்டாப் பாடம் தெருவழியாக ‘பி’க்கும் வந்துவிட்டதால், இந்த மார்க்கை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாதாம். ‘பி’ பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் அம்மா.

“எனக்குத் தெரியும்லக்கா,” என்றாள் சித்தி.

எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். லேப்டாப்புகளைத் திருவாதவூருக்குக் கொண்டுபோனாள். புத்தகம் மட்டும் படிக்கிற பிள்ளைகளை அங்கிருந்து வெகுதூரம் தள்ளிப் பேரையூரில் பார்த்துக்கொண்டாள். அந்த வேலை வேறு யாருக்கோ போனது. அவளை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

அன்றைக்கு நான் அழத்தான் செய்தேன். நாங்கள் எழுதியது போதவில்லை, கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடித்தான் வேறு ஊருக்குப் போகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். அவள் திரும்பி வரும்போது காட்டி அசத்திவிட வேண்டுமென்று, இரண்டு பிரிவும் சேர்ந்து தெருவில் சிறுநீரகத்துக்குக் கட்டம் போடத் தொடங்கினோம்.