விரிப்பின் மறுமுனை

புது வீட்டில் அவளுக்கென்று ஓர் எழுத்து அறை இருந்தது. ஜன்னலோரம் மேசை, முதுகு நோகாத நாற்காலி, தெருச்சத்தம் எட்டாத இரட்டைக் கண்ணாடி. மகள் பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்தது. அந்த அறையில் உட்கார்ந்தால்தான் ஒரு வரிகூட ஓடவில்லை. முதல் நாவல் விருது வாங்கி, அவள் முகம் பத்திரிகை அட்டை வரை போயாயிற்று. இரண்டாவது நாவலோ முதல் அத்தியாயத்திலேயே சண்டி மாடாகப் படுத்துக்கொண்டது. ஒரு புத்தகத்தோடு சரக்கு தீர்ந்துவிட்டதோ என்று பயந்தாள்.

ஒருநாள் பேட்டி எடுக்க வந்த பெண் கேட்டாள்: "உங்க வரியெல்லாம் குட்டிகுட்டியா, அடுத்து என்னன்னு தவிக்க வெச்சிட்டு நிக்குதே, இத எங்க கத்துக்கிட்டீங்க?"

"சலவைக்கூடத்துல" என்றாள் அவள், யோசிக்காமலே. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

புருஷன் விட்டுப்போன சூட்டோடு, அப்போது கைக்குழந்தையாக இருந்த மகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, ஓட்டல் ஒன்றின் நிலவறைச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். பெரிய படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. அவளுக்கு வாய்த்த ஜோடி நெட்டையக்கா. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, பின்னால் நகர்ந்து, விறைப்பாக இழுத்து, பிறகு நெருங்கி வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். தள்ளி நிற்கும்போது டிரையர்களின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. முனை சேரும்போதுதான் பேச்சு. அந்த நொடியில் அவள் ஒரு வரி கதை சொல்வாள். நெட்டையக்கா "ம்... அப்புறம்?" என்று கேட்டபடியே பின்னால் போவாள். வீட்டு வாடகை, குழந்தையின் காய்ச்சல் எல்லாம் அந்த "அப்புறம்" என்ற ஒற்றைச் சொல்லில் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். முதல் நாவல் அப்படித்தான் விரிப்பு விரிப்பாக வளர்ந்தது.

பேட்டி முடிந்த மறுநாளே அவள் சலவைக்கூடத்துக்குக் கிளம்பினாள். பவிசு காட்ட வந்திருக்கிறாள் என்று யாராவது நினைத்துவிட்டால்? அலமாரியைக் குடைந்து பழைய செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

அதே சோப்பு வாடை, அதே வெக்கை. நெட்டையக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. அக்காவின் பார்வை முதலில் விழுந்தது இவள் காலில்தான்.

"என்னடி, பிஞ்ச செருப்பு? எங்களுக்காக வேஷமா?"

அவளுக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. "நல்லா இருக்கீங்களா அக்கா? புத்தகம் அனுப்பினேனே, கிடைச்சுதா?"

"கிடைச்சுது. மருமக வாசிச்சுக் காட்டினா. ஏண்டி, அந்தத் தபால்காரன ஏன் கொன்ன? எங்கிட்ட சொல்றப்போ உயிரோடதானே இருந்தான்?"

"கடைசில ஒரு கனம் இருக்கட்டும்னு..."

"கனமாம் கனம்! நான் ரெண்டு நாளு சோறு திங்கல, தெரியுமா?"

அவள் தலை கவிழ்ந்தது. "இப்ப எழுத்தே வரல அக்கா. பெரிய ரூம் இருக்கு. கேக்கறதுக்கு ஆளில்ல."

நெட்டையக்கா தள்ளுவண்டியிலிருந்து, சூடு ஆறாத விரிப்பு ஒன்றை உதறி இரண்டு முனையை நீட்டினாள். "பிடி. தரையில படாம தூக்கிப் பிடி, குள்ளச்சி."

அந்தப் பக்கம் வந்த மேற்பார்வையாளர் முறைத்தார். "வெளியாளுங்க உள்ள நிக்கக்கூடாது."

"அவ எங்க சார் நிக்கறா? மடிக்கறா."

அவர் சிரித்துவிட்டுப் போனார். இருவரும் பின்னால் நகர்ந்து இழுத்தார்கள். கை எதையும் மறந்திருக்கவில்லை. நெருங்கி வந்தபோது அவள் மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு பொண்ணு ரயில்ல ஏறுறா அக்கா. கையில இருக்கற பெட்டி அவளோடது இல்ல."

முனைகள் சேர்ந்தன. உங்களால்தான் அக்கா நான் இன்று எழுத்தாளர் என்று சொல்ல வாயெடுத்தாள். வருஷக்கணக்காகச் சொல்லாமல் வைத்திருந்தது. அதற்குள் நெட்டையக்கா அடுத்த விரிப்பின் இரண்டு முனையை அவள் கையில் திணித்துவிட்டுப் பின்னால் போய்விட்டிருந்தாள். இரைச்சலுக்கு மேலே அவள் குரல் கேட்டது:

"நன்றியெல்லாம் மூஞ்சிலயே தெரியுது, விடு! யாரோட பெட்டி அது?"

அவளுக்கும் தெரியாது. முனையை இறுகப் பிடித்துக்கொண்டு, தெரிந்துகொள்ள நடந்தாள்.